விமர்சகர் கிழித்த நாடகத்துக்கு மறுநாளே போனவர்கள்

மதியக்காட்சி அம்மா

2008 ஜனவரி. வெள்ளிக்கிழமை காலை காபியோடு பேப்பரைப் பிரித்தால், மறுநாள் நாங்கள் போகவிருந்த நாடகத்தை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். ‘தி லிட்டில் மெர்மெய்ட்’, டிஸ்னியின் கடற்கன்னிப் படத்தை மேடைக்குக் கொண்டுவந்த இசைநாடகம். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் லன்ட்-ஃபோன்டான் அரங்கம். வியாழன் இரவு, ஜனவரி 10, அதற்கு முறைப்படி அரங்கேற்றம். சனி மதியம் எங்களுக்கு மூன்று டிக்கெட்.

அந்த டிக்கெட்டுக்கே ஒரு கதை உண்டு. முதலில் நவம்பரில், முன்னோட்டக் காட்சி ஒன்றுக்குத்தான் (அரங்கேற்றத்துக்கு முன்பே டிக்கெட் விற்று நடத்துவது) வாங்கியிருந்தோம். அப்போது பார்த்து மேடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். 19 நாள் பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகள் இருண்டு கிடந்தன. டிசம்பரில் நடக்க வேண்டிய அரங்கேற்றம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. மகளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு மாதம் தினமும் “நாளைக்கா? நாளைக்கா?” என்று உயிரை எடுத்தாள்.

நான் விமர்சனத்தைக் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று வேறு சில விமர்சனங்களையும் தேடிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே புலம்பல். மேடை முழுக்க பிளாஸ்டிக் பொம்மைக்கடை போலிருக்கிறது, கடல் கடலாகவே இல்லை, நடிகர்கள் குதிகாலில் சக்கரம் வைத்த காலணியில் வழுக்கிக்கொண்டு போவதை எப்படி நீச்சல் என்று நம்புவது, இப்படி. பாதியில் மகள் ஓடி வந்தாள். “அம்மா, மீனுக்கெல்லாம் சக்கரம் வச்சிருக்காங்களா!” அவர் எதைக் குறையாக எழுதினாரோ அது இவளுக்கு விளம்பரமாகிவிட்டது.

சனிக்கிழமை அவள் யார் முகத்தையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எல்லோர் காலையும்தான் பார்த்தாள். பிறந்தநாளுக்கு அதே மாதிரி சக்கரக் காலணி வாங்கித் தந்தோம். முதல் நாளே சமையலறையில் நீந்திப் போய் ஃபிரிட்ஜில் மோதி, ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்தது.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒருவர், “போனீங்களே, பேப்பர்ல கிழிச்சிருந்தாங்களே, எப்படி இருந்தது?” என்றார். நான், “ம்ம், குழந்தைகளுக்குப் பரவாயில்லை” என்றேன். பொய். இரண்டாம் பாதியில் அப்பா, மகள், இளவரசன், நண்டு நாலு பேரும் ஆளுக்கொரு ஏக்கத்தை ஒரே நேரத்தில் பாடும் இடத்தில் நான் கைக்குட்டை தேடினேன். அதை ஏன் சொல்லவில்லை? நான் பார்த்தேயிராத ஒருவர் எழுதிய ஒரு பத்திக்கு ஏன் அப்படிப் பயந்தேன்? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பால்கனி

நடந்திருக்கிறது. நான் இன்னும் மோசம். விமர்சனத்தில் இருந்த கிண்டலையே என் கருத்து மாதிரி நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். நாடகம் பார்க்கும்போது நான்தான் எழுந்து நின்று கைதட்டியது.

மெயில் எழுதியவன்

நான் பயப்படவில்லை, கோபப்பட்டேன். அதே நாடகம்தான். விமர்சகர் ஒருவருக்கு (பெயர் வேண்டாம்) நீளமாக மெயில் எழுதினேன். குழந்தைகளுக்கான நாடகத்தைக் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்காமல் எழுதலாமா, உங்களுக்கு மனசே இல்லையா, என்றெல்லாம். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதில் வருமென்று நினைக்கவில்லை. வந்தது, இரண்டே வரி. உங்கள் பையன் சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தான்?

யோசித்தேன். அவன் பாடியதெல்லாம் படத்தில் இருந்த பாட்டு. படத்தின் பாடலாசிரியர் ஹவர்ட் ஆஷ்மன் 1991-லேயே இறந்துவிட்டார், அவர் எழுதியவை அவை. மேடைக்காக இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் பாடலாசிரியர் கிளென் ஸ்லேட்டரும் சேர்ந்து புதிதாகப் போட்ட பாடல்களில் ஒன்றுகூட அவன் வாயில் வரவில்லை. அந்த ஆள் விமர்சனத்திலும் இதைத்தான் சொல்லியிருந்தார், பழையது நிற்கிறது, புதியது ஒட்டவில்லை என்று. நான்தான் ‘பிளாஸ்டிக்’ என்ற வார்த்தையைக் கண்டதும் மிச்சத்தைப் படிக்கவில்லை.

பதிலுக்கு நான் எதுவும் எழுதவில்லை.

மதியக்காட்சி அம்மா

நான் அழுத அந்த நால்வர் பாட்டு புதிதாகச் சேர்த்ததுதான். உங்கள் பையனுக்கு ஒட்டாதது எனக்கு ஒட்டியது. இதை அவருக்கு எழுதியிருக்கலாமே!

ஓரச்சீட்டு

கொஞ்ச காலம் ஒரு அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தேன், எந்த அரங்கு என்பது வேண்டாம். விமர்சகர்கள் எல்லோரும் ஒரே இரவில் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது அந்தக் காலம். இப்போது அரங்கேற்றத்துக்கு முந்தைய சில முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிரித்துப் பிரித்து வருவார்கள், எழுதி வைத்துக்கொண்டு, அரங்கேற்ற இரவில்தான் வெளியிடுவார்கள். வழக்கமாக ஆளுக்கு இரண்டு டிக்கெட், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை. இருட்டிலேயே மடியில் நோட்டு வைத்துக் கிறுக்குவார்கள். பக்கத்தில் இருப்பவர் கைதட்டினாலும் இவர் கை பேனாவில்தான் இருக்கும்.

அம்மா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விமர்சகர்கள் வரும் நாளில் அரங்கு வேறு மாதிரி இருக்கும். தயாரிப்பாளரின் நண்பர்கள், தொழில்காரர்கள், நிறையப் பெரியவர்கள். சிரிப்பும் கொஞ்சம் மரியாதையான சிரிப்பு. சனி மதியம் இரண்டு மணிக் காட்சி என்றால் கதையே வேறு. “வில்லி வர்றா, ஓடு!” என்று ஒரு குரல் வரும், ஆயிரம் பேர் சிரிப்பார்கள், நடிகர்களுக்கு வேகம் பிடித்துவிடும். ஆக, அவர் பார்த்த நாடகமும் நீங்கள் பார்த்த நாடகமும் ஒன்றல்ல என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் ஒருமுறை ஒரு விமர்சகர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். எட்டு வயதிருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், இடைவேளையில் என்னிடம் வந்து “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்டாள். சரி, இந்த முறை தப்பித்தோம் என்று உள்ளே எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். விமர்சனத்தில் மகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அடி அடியென்று அடித்திருந்தார். இன்றுவரை அந்த ஆள் மீது எனக்குக் கோபமும் உண்டு, ஒரு மதிப்பும் உண்டு.

பிடிவாதம்

எல்லோரும் திட்டலாம், ஆனால் ஒன்று கேட்கிறேன். ‘தி லயன் கிங்’ 1997-ல் வந்தது. அதே டிஸ்னி, அதே குழந்தைகள், அதே மாதிரிப் படத்திலிருந்து எடுத்த கதை. பெரும்பாலான விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இயக்குநர் ஜூலி டேமர் மேடைக்குள் பொம்மலாட்டத்தைக் கொண்டுவந்தார். மிருகத்துக்குள் இருக்கும் மனிதனை மறைக்காமலே விட்டார். 1998-ல் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி, அதாவது பிராட்வேயின் பெரிய விருது, கிடைத்தது, இசைநாடக இயக்கத்துக்கு டோனி வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். அப்படியென்றால் விமர்சகர்களுக்குக் குழந்தைகள் நாடகம் என்றாலே ஆகாது என்பது எப்படிச் சரி? ‘குடும்பத்துக்கு’ என்று போர்டு மாட்டினால் எதையும் கொடுக்கலாம் என்பதுதான் அவர்களுக்கு ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை.

பால்கனி

அதே லன்ட்-ஃபோன்டானில் இதற்கு முன்னால் ஓடியது ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’. 1994-ல் பேலஸ் அரங்கில் தொடங்கியபோது அதையும் பலர் பெரிதாக மதிக்கவில்லை. 5,461 காட்சி ஓடியது. சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

பிடிவாதம்

ஓட்டத்தை வைத்து எடை போடுவதென்றால் ‘மெர்மெய்ட்’ 685 காட்சியில் 2009 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அப்போது விமர்சகர் சொன்னது சரியா? எண்ணைத் தூக்கினால் இரண்டு பக்கமும் வெட்டும்.

கோரஸ் அப்பா

நான் வேறு வழியாக வருகிறேன். ‘சூசிகல்’ என்ற இசைநாடகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000 நவம்பரில் வந்து அடுத்த மே மாதமே மூட்டை கட்டியது, 198 காட்சிதான். அதன் மீது வந்த பெரிய புகார், குழந்தைகள் எழுத்தாளர் டாக்டர் சூஸின் பல கதைகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டார்கள், ஆளுக்கு ஆள் வந்து போகிறார்கள், யார் கதை என்றே தெரியவில்லை என்பது.

பல வருடம் கழித்து என் மகள் பள்ளியில் அதே நாடகத்தைப் போட்டார்கள். பள்ளிகளில் மிக அதிகமாகப் போடப்படும் நாடகங்களில் அதுவும் ஒன்று என்று அப்போதுதான் தெரிந்தது. காரணத்தை ஒத்திகையில் கண்ணால் பார்த்தேன். ஆளுக்கு ஆள் வந்து போகிறார்கள் இல்லையா? நாற்பது பிள்ளைகளுக்கும் வேடம் இருந்தது. ஒரு பறவை, ஒரு குரங்கு, ஒரு மீன், யாருக்கும் ‘மரம் நம்பர் மூணு’ கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் மகள் குரங்கு. மொத்தம் பதினோரு வார்த்தை. வீட்டில் மூன்று மாதம் அந்தப் பதினோரு வார்த்தைதான்.

அந்தப் புகார் தப்பில்லை. பிராட்வேயில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தால் நானும் நெளிந்திருப்பேன். பள்ளி ஹாலில் அதே குறைதான் எங்களுக்கு வரமாக வந்தது.

மெயில் எழுதியவன்

பதினோரு வார்த்தை என்னவென்று சொல்லாமல் போகக்கூடாது.

கோரஸ் அப்பா

சொன்னால் மகள் என்னைக் கொன்றுவிடுவாள். காலேஜில் படிக்கிறாள் இப்போது.

மதியக்காட்சி அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்ன பின்குறிப்பு. ‘மெர்மெய்ட்’ பிராட்வேயில் ஓடி முடிந்த பிறகு அதையே வேறு இயக்குநர் மாற்றி அமைத்து, சக்கரத்தைத் தூக்கிவிட்டு, நடிகர்களைக் கம்பியில் பறக்கவிட்டு நீந்த வைத்தார்கள். அந்த வடிவத்துக்கு நல்ல பெயர். பிடிவாதம் சார் “பார்த்தீர்களா” என்பார், சொல்லிக்கொள்ளட்டும்.

போன வாரம் பெட்டியை ஒழித்தபோது அன்றைய பிளேபில்லும் (அரங்கில் தரும் நிகழ்ச்சிக் கையேடு), அதற்குள் மடித்து வைத்த விமர்சனமும் கிடைத்தன. மகளிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள், நடுவில் இரண்டு இடத்தில் “கரெக்ட்” என்றாள். சக்கரம் பற்றிய பத்திக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“இவர் அந்த ஷூவைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார், இல்லம்மா?”