மறு: பேனியருக்கு ‘பக்கப்பை’ வேண்டாமே

நண்பர்களுக்கு,

சைக்கிள் கேரியரின் இருபுறமும் மாட்டும் பையான பேனியருக்குத் (pannier) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை ‘சேணப்பை’, ‘பக்கப்பை’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. சேணப்பை என்றதும் சீட்டுக்கு அடியில் பஞ்சர் கிட்டும் ஒரு டியூபும் வைக்கிற சின்னப் பைதான் நினைவுக்கு வருகிறது, அது வேறு பொருள், அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும். பக்கப்பை என்றால் கால்சட்டைப் பை!

பை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம். மணாலியிலிருந்து லே போகிறவர்கள் கூடாரம், அடுப்பு, குளிர் உடுப்பு எல்லாம் சுமக்க வேண்டும், தாக்லாங் லா கணவாய் மட்டுமே 5,300 மீட்டருக்கு மேல். கனமான சாமான்களைப் பைகளின் அடியில், சக்கர அச்சை ஒட்டி வைப்பார்கள். கேரியர் மேலேயே குவித்துக் கட்டினால் இறக்கத்தில் ஹேண்டில்பார் உதறும். இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதுகின் இருபுறமும் சமமாகப் பாரம் தொங்குவது பொதிமாட்டுக்குத்தானே? ஆகவே ‘பொதிப்பை’. ஐரோப்பாவிலும் ‘பேனியர்’ என்ற சொல் லத்தீன் ரொட்டிக்கூடையில் தொடங்கி, கழுதை முதுகுக்குப் போய், அப்புறம்தான் சைக்கிளுக்கு வந்தது.

முன் சக்கரத்துப் பையைச் சுருக்கமாக முன்பொதி, பின் சக்கரத்துப் பையைப் பின்பொதி எனலாம். முன் சக்கர அச்சின் உயரத்தில் பை மாட்டும் சட்டத்துக்குத் ‘தாழ்தாங்கி’. பின்னால் இருப்பது கேரியர்தான், பால்காரர் முதல் எல்லோரும் சொல்வதை நோண்ட வேண்டாம். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காமல் விடும் தூரம் ‘குதிகால் இடைவெளி’. பின்கவை (பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை போகும் குழாய்) குட்டையான ரேஸ் சைக்கிளில் இது கிடைக்காது, பையைப் பின்னுக்குத் தள்ளித்தான் மாட்ட வேண்டும்.

---

அண்ணை, பொதிப்பை நல்ல சொல். ஆனால் முன்பொதி, பின்பொதி சரிவராது. யாழ்ப்பாணத்தில் பொதி என்றால் பார்சல், கடையில் கட்டித் தருவது சாப்பாட்டுப் பொதி. ‘முன்பொதியைக் கழற்று’ என்று எழுதினால் எங்கள் ஆட்கள் முன்னால் கட்டிய பார்சலைத் தேடுவார்கள். நீளமானாலும் பரவாயில்லை, முன்பொதிப்பை என்றே இருக்கட்டும்.

இன்னொன்று, ஜிப் இல்லாமல் வாயைச் சுருட்டி மூடும் மழைதாங்கும் வகைக்குச் ‘சுருட்டுவாய்ப் பொதிப்பை’ எனலாமா? மூன்று சுற்றாவது சுருட்டாவிட்டால் தண்ணீர் உள்ளே போகும், பெயரிலேயே சுருட்டு என்று இருந்தால் மறக்க மாட்டார்கள். தாழ்தாங்கிக்கு மறுப்பில்லை. ஹேண்டில்பாரில் மாட்டும் பைக்குத்தான் இன்னும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.