அனொரெக்ஸியா, 15 வயது, சைவம்: அளவு கூடாமல் கலோரி ஏற்ற வழி வேண்டும்

குழந்தைகள் வார்டு டயட்டீஷியன்கள் கை கொடுங்கள். எடை கூடும் பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் அனொரெக்ஸியா நோய்க்கு அட்மிட் ஆகி மூன்றாவது வாரம். முட்டைகூடச் சாப்பிடாத பெண். 2200 கலோரியில் எடை அப்படியே நிற்கிறது. வாரம் அரை கிலோவாவது ஏற வேண்டும்.

1400 கலோரியில் தொடங்கி ஏற்றினோம், தயமின் (வைட்டமின் B1) முதலிலேயே கொடுத்தோம். நான்காம் நாள் ரத்தத்தில் பாஸ்பேட் 2.4 mg/dL-க்கு இறங்கியது, மருந்தில் சரியானது. பொட்டாசியம், மெக்னீசியம் நார்மல். இரவு பல்ஸ் 46 இருந்தது, இப்போது 54. மூன்று வேளை, மூன்று ஸ்நாக்ஸ். 30 நிமிடத்தில் மீந்ததற்கு ஈடாக மில்லிக்கு 1 கலோரி சப்ளிமென்ட்.

சிக்கல் அளவில்தான். நாலாவது இட்லிக்கே வயிறு உப்பி, அடுத்த வேளை வரை நெஞ்சிலேயே நிற்கிறது. இந்த நிலையில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். சாக்கு என்று தள்ள முடியாது.

பாலில் 20 கிராம் பால் பவுடர் போகிறது. பொங்கல் மேல் ஊற்றிய நெய்யைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டாள், சமைக்கும்போதே சேர்த்தோம். கரண்டிக் கணக்கில் பொங்கல் ஒரு நாள் 150 கிராம், மறுநாள் 220 என்று வந்ததால் இப்போது எடை போட்டே பரிமாறுகிறோம். இட்லிப்பொடி எண்ணெய் பாதி தட்டிலேயே தங்குகிறது. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் நர்ஸ் கூடவே இருப்பார். எடை காலையில், சிறுநீர் கழித்த பிறகு, கவுனோடு மட்டும்.

தெரியாமல் கலக்கும் யோசனை வேண்டாம். கண்டுபிடித்தால் அந்த உணவையே தொடமாட்டாள். மூக்கு வழியாக ட்யூபில் உணவு கொடுப்பது கடைசி வழி.

தட்டின் அளவு கூடாமல் நாளுக்கு 500 கலோரி ஏற்ற, உங்கள் ஆஸ்பத்திரி கிச்சனில் எந்தச் சைவப் பதார்த்தம், எத்தனை கிராம், நிஜமாகவே எடுபட்டது?