‘பைரசி’க்குத் தமிழ்ச்சொல்: ‘உரிமமிலா நுகர்வு’ என்னும் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் இணையவழிப் பைரசி பற்றிய அறிக்கைகளைத் தமிழில் தருவதற்குத் ‘திருட்டுப் பிரதி’ என்ற சொல்லே போதும் என்று இவ்வுரையாடல் இழையில் சிலர் கருத்துரைத்திருக்கிறார்கள். குறுந்தகடுகள் கடைத்தெருவில் விற்கப்பட்ட காலத்துக்கு அது மிகப் பொருத்தமான சொல். இன்றைக்கு அது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஐரோப்பிய ஒன்றிய அறிவுசார் சொத்து அலுவலகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றியத்தின் இணையப் பயனர் ஒருவர் உரிமம் பெறாத உள்ளடக்கத்தைச் சராசரியாக மாதத்துக்கு 10 முறை அணுகுகிறார். அதில் பாதிக்கும் மேற்பட்டது ஸ்ட்ரீமிங் (பதிவிறக்காமல் இணையத்திலிருந்தே நேரடியாகப் பார்ப்பது, கேட்பது) வழியாகவே நடக்கிறது. தொடரைப் பார்த்து முடித்தவர் கையில் பிரதி என்று எதுவும் எஞ்சுவதில்லை. உரிமமற்ற தளத்திலிருந்து ஸ்ட்ரீமிங் செய்யும்போது கருவியில் உருவாகும் தற்காலிக நகலுக்கும் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கில்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அது சட்டத்தின் பார்வை, அதற்குப் ‘பதிப்புரிமை மீறல்’ என்ற நிலைபெற்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பயனரின் செயலுக்கு ‘உரிமமிலா நுகர்வு’ என்பதை முன்மொழிகிறேன். பதிவிறக்கம், ஸ்ட்ரீமிங், சட்டவிரோதத் தொலைக்காட்சிச் சந்தா ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ‘இணையக் கொள்ளை’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம், தான் பார்க்கும் தளம் முறையானதா என்றே அறியாத பயனரையும் அது குற்றவாளியாக்கிவிடுகிறது என்பதே.

இதைவிட முதன்மையானது, அளவீட்டுக்கான சொற்கள். எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் பயனர் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 25 அணுகல்கள் என்கிறது மேற்கண்ட ஆய்வு. இது இணையப் பயனர் அனைவருக்கும் பகிர்ந்து காணும் சராசரி என்பதால், எத்தனை பேர் அணுகினார்கள் என்பதை இதிலிருந்து அறிய முடியாது. அதே அலுவலகத்தின் 2023ஆம் ஆண்டுக் கருத்தாய்விலோ, முந்தைய 12 மாதங்களில் தெரிந்தே அணுகியதாக ஒப்புக்கொண்டவர்கள் 14 விழுக்காடு. 15 முதல் 24 வயதினரிடையே 33 விழுக்காடு. முன்னதை, அதாவது ஒருவருக்கான சராசரி அணுகலை, ‘செறிவு’ என்றும் பின்னதை, அதாவது அணுகியவர்களின் விழுக்காட்டை, ‘பரவல்’ என்றும் பிரித்து வழங்க வேண்டும். இரண்டுக்கும் ‘அளவு’ என்றே எழுதினால், 25ஐயும் 14ஐயும் ஒரே தட்டில் வைத்து வாசகர் ஒப்பிட்டுவிடுவார்.

‘உரிமமிலா’ என்பதை ‘உரிமமற்ற’ என மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ‘செறிவு’, ‘பரவல்’ இரண்டையும் சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.