கேஷ் கீயும் யூஆர்எல்லும் படுத்துது, யாராவது கைகொடுங்க

வணக்கம் மக்களே, ரெயில்ஸ்ல (ரூபி மொழியில வெப்சைட் கட்டற ஃப்ரேம்வொர்க்) எழுதின ஆப் ஒண்ணுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

போஸ்ட் பக்கத்தை கேஷ் பண்றேன் (ஒரு தடவை தயாரிச்சதை எடுத்து வெச்சு திரும்ப காட்டறது), அதைத் தேடி எடுக்கற பேரான கீ-ல டேபிள் பேர், ஐடி, கடைசியா மாத்தின அப்டேட்டட்_அட் நேரம் மூணும் இருக்கு, ரெக்கார்டு மாறினா நேரம் மாறும் கீயும் மாறும் பழசு தானா ஒதுங்கிடும்னு நம்பி விட்டுட்டேன். நேத்து தலைப்புல ஒரு எழுத்துப்பிழையை திருத்தினேன், ஒரு மணி நேரம் கழிச்சும் பழைய தலைப்பே நிக்குது. நோண்டிப் பார்த்தா நான் திருத்தினது டேபிள்ல நேரா எழுதற அப்டேட்_காலம்ஸ் மெத்தட் வழியா, அது அந்த நேரத்தை தொடவே தொடாது! சரி, அது என் தப்பு. ஆனா டேபிள் பழசு, நேரம் நொடி வரைக்கும்தான் சேவ் ஆகுது, ஒரே நொடியில ரெண்டு தடவை சேவ் ஆனா கீ ஒண்ணாத்தானே இருக்கும்? ரெயில்ஸ் 5.2-ல கீ தனி வெர்ஷன் தனின்னு பிரிச்சாங்க, ஆனா வெர்ஷனும் இதே நேரத்துல இருந்துதான் வருது. ஒவ்வொரு சேவ்லயும் ஒண்ணு ஏறுற லாக்_வெர்ஷன் எண்ணையும் சேர்த்துக்கிட்டா போதுமா, இல்ல டேபிள்ல அந்த நேரம் இருக்கற நெடுவரிசையையே மைக்ரோசெகண்டுக்கு மாத்திடவா?

அடுத்தது யூஆர்எல். யூஆர்எல்-ல வர்ற பேரைத் தர்ற டு_பாரம் மெத்தட்-ல ஐடியும் தலைப்பும் சேர்த்து பாராமீட்டரைஸ் பண்றேன் (யூஆர்எல்லுக்கு ஏத்த ஆங்கில எழுத்தா மாத்தறது). தமிழ் தலைப்புன்னா மொத்தத்தையும் முழுங்கிட்டு வெறும் 42-ன்னு ஐடியை மட்டும் துப்புது. ரெக்கார்டை தேடற ஃபைண்ட் மெத்தட், முன்னாடி இருக்கற எண்ணை மட்டும் எடுத்துக்கறதால பக்கம் என்னமோ திறக்குது, பார்க்கத்தான் அசிங்கமா இருக்கு. தமிழை அப்படியே விட்டா, லிங்கை காப்பி பண்ணும்போது ஒரு 'க' மட்டும் சதவீதக்குறியோட 9 எழுத்தா நீளுது.

ஸ்லக்குக்கு (யூஆர்எல்-ல வர்ற சின்னப் பேர்) டேபிள்ல தனி நெடுவரிசை வெச்சு கையால எழுதறவங்க இருக்கீங்களா? தலைப்பு மாறினா பழைய லிங்கை புதுசுக்கு நிரந்தரமா திருப்பி விடற 301 எங்க போடறீங்க?