59 விழுக்காடுதான் எடுக்கிறோமாம், மீதி 41 எங்கே?

கிணற்றுமேடு:
நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "இந்தியா தன் நிலத்தடி நீரில் 59 விழுக்காட்டைத்தான் எடுக்கிறது, 41 பத்திரமாக இருக்கிறது, தட்டுப்பாடு என்பது வீண் பீதி" என்கிறார். பல்லடம் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். போர் வண்டியை நிறுத்தி ஆயிரம் அடி இறக்கினாலும் வெள்ளைப் புகைதான் கிளம்புகிறது. பொடி கொஞ்சம் ஈரமாக வந்தாலே வீட்டில் எல்லோரும் கும்பிடுகிறார்கள். அந்த 41 யார் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது?

நீரளவன்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே. 59 நான் கண்ட கனவு கிடையாது, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 மதிப்பீடு. ஆண்டுக்கு எடுக்கத்தக்கது 407 பில்லியன் கனமீட்டர், எடுத்தது 241. வகுத்துப் பாருங்கள். வகுக்க வராவிட்டால் வீட்டில் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கிணற்றுமேடு:
வகுக்க வரும். உங்களுக்குத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்ட வரவில்லை. அதே அறிக்கையில் பஞ்சாப் 160 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கணக்கெடுக்க நாட்டைப் பிரித்த 6,553 அலகுகளில் (நம் மாநிலத்தில் அது குறுவட்டம்) 736 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று அதிலேயே இருக்கிறது. அசாமில் ஊறுவதை என் கணக்கில் சேர்த்து 59 என்றால் என் மோட்டாரில் தண்ணீர் வந்துவிடுமா?

செம்மண்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். "எடுக்கத்தக்கது" என்பது மழையாலும் பாசனக் கசிவாலும் அந்தந்த ஆண்டு ஊறுவதில், இயற்கையாக வெளியேறும் பங்கைக் கழித்த மீதி. பூமிக்குள் இருக்கும் மொத்த இருப்பு வேறு. ஆகவே 41 என்பது சேர்த்து வைத்த பணம் மாதிரி எங்கேயும் கிடக்கவில்லை. தமிழ்நாட்டில் முக்கால் பங்கு நிலம் கடினப்பாறை. அதில் மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நீர் தங்கும். கங்கைச் சமவெளியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்குவதும் இங்கே ஒரு மீட்டர் இறங்குவதும் ஒரே அளவு நீர் ஆகாது.

நீரளவன்:
தங்கச்சி, பாடம் எடுக்க வேண்டாம். நான் கண்காணிப்புக் கிணறுகளில் அளந்தவன். எஃகு டேப்பின் நுனியில் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்கி, நனைந்த கோடு எங்கே நிற்கிறது என்று வெயிலில் குனிந்து படித்தவன். ஜனவரி, கோடைக்காலம், ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை. அப்படிச் சேர்த்த கணக்கில் வந்த 59 அது.

செம்மண்:
தங்கச்சி என்று கூப்பிட நான் உங்களிடம் கேட்கவில்லை. சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள்.

கிணற்றுமேடு:
நீர்மட்டத்தை அளந்தீர்கள், சரி. எடுத்த நீரை யார் அளந்தது? என் தோட்டத்து மோட்டாருக்கு மீட்டரே கிடையாது. ஒரு அலகில் இத்தனை கிணறு, ஒரு கிணற்றுக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று பெருக்கித்தான் பெரும்பாலும் போடுகிறீர்கள். கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளைத்து சைடு போர் போட்டவனும் ஒன்று, மூடிக் கிடக்கும் கிணறும் ஒன்று. அதில் பிறந்த 241 தான் உங்கள் 59க்குத் தாய்.

நீரளவன்:
மதிப்பீடு என்றால் அப்படித்தான் செய்ய முடியும். உலகம் முழுக்க அப்படித்தான். 59 என்பது 59தான்.

மருதக்கரை:
மோட்டாருக்கு மீட்டர் இல்லை என்று குறையாகச் சொல்பவர், மீட்டர் பொருத்த வந்தால் முதலில் மறியலில் உட்காருவார். இலவச மின்சாரத்தில் இரவு பகலாக ஓட்டிவிட்டு வாரியத்தைத் திட்டுவது என்ன நியாயம்? கொங்கு மண்டலத்துச் சாயக்கழிவை நொய்யல் சுமந்த கதையும் ஊருக்கே தெரியும்.

கிணற்றுமேடு:
சாயப்பட்டறை நான் வைக்கவில்லை. போன மாதம் ஏரி தூர்வாரும் விவாதத்திலும் இதையேதான் இழுத்தீர்கள். உங்கள் டெல்டாவில் வீட்டுக்கு வீடு ஃபில்டர் பாயிண்ட் என்று மணலுக்குள் சல்லடைக் குழாய் இறக்கி உறிஞ்சுகிறீர்களே, நாகப்பட்டினம் கரையோரம் உப்பு ஏறுவது யாரால்?

மருதக்கரை:
ஆற்றில் தண்ணீர் விட்டால் நாங்கள் ஏன் ஃபில்டர் பாயிண்ட் போடப் போகிறோம்?

வழக்காடி:
காவிரிக்குப் போகாதீர்கள், திரும்ப மாட்டீர்கள். அளப்பது ஒருவர் வேலை, தடுப்பது யார் வேலை? நம் மாநிலத்தில் 2003ல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள், ஒருநாள்கூட நடைமுறைக்கு வராமல் 2013ல் ரத்தானது. நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் அவருடையது என்ற 1882ஆம் ஆண்டுச் சட்ட நினைப்பிலேயே இருக்கிறோம். நிலத்தடி நீரைக் காக்க மத்திய அரசின் அடல் பூஜல் திட்டம் 2019ல் 6,000 கோடி ரூபாயில் வந்தபோது ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. இதைப் பேசுங்கள்.

கிணற்றுமேடு:
பேசலாம். அதற்கு முன் 59 என்று எழுதியவர் அதைத் திரும்பப் பெறட்டும். அந்த எண்ணைக் காட்டித்தான் நாளைக்கு இன்னொரு ஆலைக்கு அனுமதி கேட்பார்கள்.

நீரளவன்:
அச்சிட்ட அரசாங்க எண்ணை நான் எதற்குத் திரும்பப் பெற வேண்டும்? வேண்டுமானால் ஃபரிதாபாத் தலைமையகத்துக்கு எழுதிப் போடுங்கள்.

செம்மண்:
கடினப்பாறை பற்றி எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கிணற்றுமேடு:
நீரளவன், உங்கள் அலகில் எத்தனை விழுக்காடு எடுக்கிறார்கள்? நாட்டுச் சராசரி வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் குறுவட்டத்து எண்ணைப் போடுங்கள்.

நீரளவன்:
நீங்கள் முதலில் உங்கள் போரின் ஆழத்தைப் போடுங்கள். ஆயிரம் அடி என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம்.