மறு: ‘பில்டிங் சர்வே’ – நிலையாய்வு என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ‘பில்டிங் சர்வே’ என்பதற்குத் தமிழில் கட்டட அளவை, கட்டட மதிப்பீடு, கட்டடத் தணிக்கை, கட்டட நோட்டம் என்று நான்கு சொற்கள் இப்போது களத்தில் நிற்கின்றன. நான் சென்னையில் கட்டமைப்புப் பொறியாளர். பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் அன்றாட வேலை. அதனால் சொல்லை ஒட்டிக் கொஞ்சம் வேலையையும் விவரிக்கிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சர்வே என்றால் அளவைதானே ஐயா? நில அளவைத் துறை என்று அரசே சொல்கிறது. கட்டட அளவை போதாதா?

நிலத்துக்கு அது மிகப் பொருத்தமான சொல். 1802இல் ஆங்கிலேயப் படை அதிகாரி லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, நாட்டையே அளந்த பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிவைத்த ஊர் இது. சர்வே என்றதும் நமக்குச் சங்கிலி, சர்வே கல், சர்வே நம்பர் என்றுதான் மனம் போகும். கட்டடத்திலும் அளக்கும் வேலை உண்டு. வரைபடம் தொலைந்துபோன பழைய வீட்டில் சுவர், தூண், தளமட்டம் எல்லாவற்றையும் நாடாவாலோ லேசர் ஸ்கேனராலோ அளந்து புதிதாக வரைந்து கொடுப்பார்கள். அதைக் ‘கட்டட அளவெடுப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

நாம் பெயர் தேடும் வேலை வேறு. பிரிட்டனில் வீடு வாங்குகிறவர் விலையை முடிவு செய்யும் முன் தன் செலவில் ஒரு சார்ட்டர்டு சர்வேயரை, அதாவது தொழிலமைப்பின் தகுதி பெற்ற வல்லுநரை, அனுப்புவார். கூரை எப்படி இருக்கிறது, சுவரில் ஓதம் (ஈரம்) ஏறியிருக்கிறதா, விரிசல் எதனால் வந்தது, மரத்தில் பூச்சி உண்டா என்று பார்த்து அவர் அறிக்கை தருவார். ஆர்ஐசிஎஸ் என்ற அவர்களுடைய தொழிலமைப்பு இதை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. மூன்றாவதுதான் ஆழமானது, பில்டிங் சர்வே என்று வழங்கிவந்ததும் அதுதான். கட்டடத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. அளவு எத்தனை அடி என்பது ஓரமாக வரும்.

> வங்கிக் கடனுக்கு ஒருவர் வந்து பார்க்கிறாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானே? கட்டட மதிப்பீடு என்று சொல்லிவிடலாம்.

இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்கிறார். பரப்பு, தெரு, சந்தை விலை, கட்டடத்தின் வயது இவைதான் அவருடைய கணக்கு. பீமின் அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும் நிலையில் இருந்தால் அதைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

சென்னையில் முப்பது வயதான ஃபிளாட் ஒன்றை வாங்குகிறவரை எண்ணிப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறார். அத்தனை காகிதமும் நிலத்துக்கும் உரிமைக்கும்தான். அவர் குடும்பத்தோடு குடியேறப்போகும் கான்கிரீட்டைப் பற்றி ஒரு வரிகூட அதில் இருக்காது. கூடத்துக்குப் புதிதாக அடித்த பெயிண்ட்தான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. மதிப்பீடு என்ற பெயர் வைத்தால் ‘அதுதான் வங்கியிலிருந்தே வந்து பார்த்துவிட்டார்களே’ என்று அவர் இன்னும் நிம்மதியாகிவிடுவார். எனவே அந்தச் சொல் வேண்டாம்.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? முதலில் கண்தான் கருவி. விரிசல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக இறங்கினால் அடித்தளம் ஒரு பக்கம் அமிழ்கிறதா என்று சந்தேகப்படுவோம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடினால் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வந்தது. பீமின் அடியில் கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடி, பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு வேலை செய்கிறது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக நிற்கும் விரிசலுக்குப் பலர் தூக்கம் கெடுகிறார்கள். அது பெரும்பாலும் பூச்சு விஷயம்தான். பயப்பட வேண்டாம் என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்ல முடிவதும் இந்த வேலையின் பயன்தான்.

பிறகு தட்டிப் பார்ப்பது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்னும், கம்பியை விட்டு விலகியது ‘டொப்’ என்னும். அதற்கப்புறம்தான் கருவிகள். ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். அல்ட்ராசானிக் கருவி கான்கிரீட்டுக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும். 1992இன் ஐஎஸ் 13311 என்ற இந்தியத் தரம் விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் மிக நன்று, 3 கிலோமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகத்துக்குரியது என்று வைத்திருந்தது. 2018இல் அதன் இடத்துக்குப் புதிய தரம் வந்துவிட்டது. கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் வரை காற்றின் கரியமில வாயு உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்த ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போயிற்று. துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் அடைக்கும். அதனால்தான் அது காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது.

கடற்கரை ஊர்களில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கம்பியை மூடும் கான்கிரீட் மிதமான சூழலில் குறைந்தது 30 மில்லிமீட்டர், கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456:2000. திருவான்மியூரிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய பழைய கட்டடங்களில் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரை வைத்துப் பார்த்தால் 15, 20 மில்லிமீட்டர் காட்டுவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாடி ஒழுகுகிறது என்றால் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுருக்கி இன்னொரு அடுக்கு, இன்னொரு வரிசை ஓடு என்று போட்டுக்கொண்டே போவார்கள். பத்து சென்டிமீட்டர் தடிப்பு ஏறினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. வீட்டுத் தளத்தின் மேல் ஆட்களும் சாமான்களும் சேர்த்து எவ்வளவு வரலாம் என்று பொறியாளர் கணக்கில் எடுப்பதே அவ்வளவுதான். அந்த ஒதுக்கீடு முழுவதையும் ஓடு தின்றுவிடுகிறது, வீட்டுக்காரருக்குத் தெரிவதே இல்லை. எடையைக் கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: சிங்கப்பூரில் 1986 மார்ச் 15 அன்று நியூ வேர்ல்டு ஹோட்டல் இருந்த கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு அங்கே சட்டம் மாறியது. இன்று குடியிருப்புக் கட்டடம் என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவை 5 ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

> ஸ்ட்ரக்சுரல் ஆடிட் என்று மும்பையில் சொல்கிறார்கள். தணிக்கை என்று நேரடியாக எடுத்துக்கொள்ளலாமே.

மும்பையில் அது சட்டப்படியான கடமை. 30 வயது தாண்டிய கட்டடத்துக்குச் சான்று வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டமே சொல்கிறது. கட்டடம் பாரம் தாங்குமா தாங்காதா என்ற ஒற்றைக் கேள்விக்கான பதில் அது. நம் ஊரில் பள்ளிகளுக்குக் கேட்கும் கட்டட உறுதிச் சான்றும் இதே இனம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பின், மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைப் பார்க்க உத்தரவு போனது நினைவிருக்கும். இதற்கு ‘உறுதியாய்வு’ என்று சொல்லலாம். உறுதிச் சான்று ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும். தணிக்கை என்றால் கணக்கும் சினிமாவும்தான் மக்கள் காதில் விழும்.

> நோட்டம் பழைய சொல், நாணயம் பார்த்தவரை நோட்டக்காரர் என்றார்கள். கட்டட நோட்டம், கட்டட நோட்டகர் அழகாக இல்லையா?

அம்மா, உங்கள் பரிந்துரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. போலி நாணயத்தையும் நல்லதையும் பிரித்தவரின் சொல் எங்கள் வேலைக்கு அத்தனை பொருத்தம். ஆனால் இன்றைய செய்தித்தாளில் ‘பூட்டிய வீட்டை நோட்டமிட்டு’ என்றால் அடுத்த வரி கொள்ளைதான். ‘வீட்டை நோட்டம் பார்க்க வந்திருக்கிறேன்’ என்று ஒரு வாசலில் நின்று எங்களால் சொல்ல முடியாது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை ‘கட்டட நிலையாய்வு’. நிலை என்றால் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வாசல் நிலை, கோயில் பக்கம் போனால் ஏழுநிலைக் கோபுரம் என்று நண்பர் ஒருவர் முன்கூட்டியே ஆட்சேபித்திருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் ‘கட்டடம் என்ன நிலைமையில் இருக்கிறது’ என்றுதான் வீட்டுக்காரர் எங்களிடம் கேட்கிறார். ‘கட்டட’ என்ற அடைமொழி முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. அதில் கிடைக்கும் தாளை ‘நிலையாய்வு அறிக்கை’ என்று முழுதாகவே சொல்வோம். வெறும் நிலை அறிக்கை என்றால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதாகிவிடும். ‘பழுதாய்வு’ என்றும் ஒரு யோசனை என்னிடம் இருந்தது. பழுது இல்லாத கட்டடத்துக்கும் இந்த ஆய்வு தேவை என்பதால் கைவிட்டேன். புது ஃபிளாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து முறையிட்டால், கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த ஐந்தாம் ஆண்டு முடியும் முன் நிலையாய்வு செய்துகொள்ளும் சங்கங்கள் மிகக் குறைவு. கெடு போனபின் வந்து கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இதன் கிளையாக இன்னொரு சொல்லும் வேண்டும். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டப்போகிறார்கள், அல்லது தெருவுக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் வருகிறது. வேலை தொடங்கும் முன் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், இருக்கும் விரிசலை எல்லாம் நீளம், அகலம், படத்தோடு பதிந்து, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். சந்தேகமான விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவைப்பதும் உண்டு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பின்னால் ‘இந்த வெடிப்பு உங்களால் வந்தது’, ‘இல்லை, முன்பே இருந்தது’ என்ற தகராறு எழும்போது இந்தப் பதிவு இரண்டு பேரையும் காக்கிறது. பதிவு இல்லாத இடத்தில் விரிசலையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்: உள்ளே தூசியும் பெயிண்டும் படிந்திருந்தால் பழையது, ஓரம் கூர்மையாகச் சுத்தமாக இருந்தால் புதியது. அதற்குள் இரண்டு வீடுகளும் பேச்சை நிறுத்தியிருக்கும். பலர் எங்களை வீட்டுக்குள் விடவே தயங்குகிறார்கள், இடத்தை எடுத்துக்கொள்ள வந்துவிட்டார்கள் என்று அஞ்சி. சொல்லில் அந்த அச்சம் ஒட்டக் கூடாது. ‘முன்பதிவு’ ரயிலுக்குப் போய்விட்டது, ‘முன்னிலை’ இலக்கணத்துக்கு. எனவே ‘பணிமுன் நிலைப்பதிவு’ என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தாளின் தலைப்பைப் படித்தாலே எதற்கு என்று புரியும்.

> பெயர் என்ன வைத்தாலும் மக்கள் சர்வே என்றுதானே சொல்வார்கள்?

பேச்சில் சொல்லட்டும். ஒப்பந்தத்திலும் சங்கத்தின் தீர்மானத்திலும் எழுத ஒரு தெளிவான சொல் வேண்டும். எந்த ஆய்வைக் கேட்கிறோம் என்று தெரியாமல், 40 வீடுகள் சேர்ந்து பணம் போட்டு அளவெடுப்பை மட்டும் வாங்கிக்கொண்ட கதைகள் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடியிருப்பு இடிந்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கவனித்து மக்கள் முன்பே வெளியேறியதுதான் காரணம். குடியிருந்தவர்களின் கண்ணே அன்று ஆய்வாக இருந்தது. அந்தக் கவனத்தை முறையாக, பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது, கேட்டுப் பெறும்படி ஒரு சொல் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆய்வு செய்பவரை ‘ஆய்வாளர்’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. ‘நிலையாய்வர்’ சரியாக வருமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். கட்டடமா கட்டிடமா என்ற பழைய வழக்கை இந்த இழையில் தொடங்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஓர் உதவி. உள்ளே விலகிப்போன பூச்சைத் தட்டும்போது வரும் அந்த ஓசைக்கும், அப்படி விலகுவதற்கும் உங்கள் ஊர்க் கொத்தனார்கள் என்ன சொல்கிறார்கள்? சென்னையில் ‘பொரிஞ்சிருக்கு’, ‘டொப்பு அடிக்குது’ என்று கேட்டிருக்கிறேன். மதுரை, நாகர்கோவில், யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்கள் விசாரித்து எழுதினால், அதிலிருந்தே அடுத்த சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
குழுவின் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், சென்னை