பொறுப்போடு வாழ்வது: பழையதைக் காப்பதா, பசுமையானதை வாங்குவதா?

கேள்வி

சுற்றுச்சூழலுக்கு இயன்றவரை ஊறு செய்யாமல் வாழ வேண்டும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிவு செய்து, நெகிழிப் பைக்குப் பதிலாகத் துணிப்பை, நெகிழிப் புட்டிக்குப் பதிலாக எவர்சில்வர் குப்பி என்று ஒவ்வொன்றாக மாற்றி வந்தேன். சென்ற வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது பதினான்கு துணிப்பைகள் இருந்தன. அவற்றில் பாதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. வாங்குவதைக் குறைக்கத் தொடங்கிய முயற்சி, வேறு பொருள்களை வாங்குவதாக மாறிவிட்டதே என்று மனம் வருந்துகிறது. இப்போது 18 ஆண்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டியையும் நான்கு ஆண்டுப் பழைய கைப்பேசியையும் மாற்றலாமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. இரண்டும் இன்னும் இயங்குகின்றன. எது பொறுப்பான முடிவு?

மறுமொழி 1

இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது. ஒரு பொருள் தன் வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் அதிகக் கேடு செய்கிறது, உருவாகும்போதா, பயன்படும்போதா, எறியப்படும்போதா என்று பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்.

துணிப்பையின் சுமை பெரும்பாலும் அது உருவாகும்போதே வந்துவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவான காரணமாக இருக்கப் பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. (கடலில் சேரும் நெகிழி அந்தக் கணக்கில் வராது; ஆகவே நெகிழியே மேல் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.) இரண்டு பைகளை நைந்துபோகும்வரை பயன்படுத்துங்கள்; மற்றவற்றைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியும் இதே வகையைச் சேர்ந்தது. அதன் உமிழ்வில் பெரும்பகுதி சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் நிகழ்வதால், பேட்டரியை மட்டும் மாற்றி அதையே வைத்துக்கொள்வது நல்லது.

குளிர்சாதனப் பெட்டியோ இரவும் பகலும் ஓடுவது. அதன் சுமை பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கிறது. மின்செருகியில் பொருத்தும் அளவுமானியை வாங்காமல் இரவல் பெற்று, ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எறியப்படும் மூன்றாம் கட்டத்தை விட்டுவிடக் கூடாது. அந்த வயதுடைய பெட்டிகள் பலவற்றில் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு இருக்கும். நூறு ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைத் தேக்கக்கூடியது. குழாயை வெட்டும்போது 100 கிராம் வெளியேறினால், அது 140 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியதற்குச் சமம். புதியவற்றில் பரவலாக உள்ள ஐசோபியூட்டேன் என்ற குளிரூட்டும் வாயுவில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. எனவே வாயுவை முறையாக உறிஞ்சி எடுப்பவரிடம் மட்டுமே பழையதை ஒப்படையுங்கள். அதை இன்னோர் அறையில் இரண்டாவது பெட்டியாக ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி.

மறுமொழி 3

பெட்டியைப் பற்றிப் பேசும்போது அதற்குள் இருப்பதையும் நினைக்க வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்த உணவிலிருந்து புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுகிறது. வீட்டில் கெட்டுப்போகும் உணவைக் குறைக்கப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

மறுமொழி 4

இவை யாவும் சரியே. ஆயினும் பொறுப்பை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. தெளிப்பான்களிலும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் அன்று பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974இல் அறிவியலர் எச்சரித்தபோது, அமெரிக்காவில் பலர் அவை நிரப்பிய தெளிப்பான்களை வாங்குவதை நிறுத்தினார்கள். அது பயனற்ற செயலன்று. ஆனால் 1978இல் அங்கு வந்த தடையும், அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் நாடுகள் கையெழுத்திட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையும் இல்லாமல் அந்த வாயுக்கள் உலகெங்கும் ஒழிந்திருக்கமாட்டா. கைப்பேசியைப் பழுதுபார்க்க வழியில்லாமல் தயாரிக்கிறார்கள் என்றால், அதைப் பொறுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கேட்பதும் பொறுப்பான வாழ்வில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அத்தகைய நெறிமுறையை இயற்றியது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஏழு நாள்கள் அளந்ததில் பழைய பெட்டி நாளொன்றுக்கு 2.3 யூனிட் செலவிடுகிறது. அதே கொள்ளளவுள்ள புதியதன் குறிப்புச்சீட்டு 0.6 என்கிறது. ஆகவே அதை மாற்றுகிறேன். பழையதை எடுத்துச் செல்பவரிடம் வாயுவை உறிஞ்சி எடுப்பதாக எழுத்தில் உறுதி கேட்டிருக்கிறேன். கைப்பேசிக்குப் பேட்டரி மட்டும் மாற்றியாயிற்று. பன்னிரண்டு பைகளைக் கொடுத்துவிட்டேன்.